தியரியில் அம்பு போட வருது, லேபில் எண்ணெய்தான் வருது: கரிம வேதியியல் பாடமும் செய்முறையும்

#1 இரண்டாமாண்டு

கரிம வேதியியல் தியரியும் பிராக்டிகலும் இந்த செமஸ்டரில் சேர்ந்து ஓடுது. மூணு இடத்தில் முட்டி நிக்குது. அளவோட எழுதறேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒண்ணு, அசிட்டனிலைடு மறுபடிகமாக்கல் (சூட்டில் கரைச்சு, ஆறவிட்டுப் படிகமா எடுத்துத் தூய்மையாக்கறது). 2 கிராம் மாதிரி, 30 மி.லி தண்ணீர். கொதிக்கிற வரைக்கும் சூடாக்கியும் அடியில் எண்ணெய் மாதிரி துளி நிக்குது. அது கரையாத மாசுன்னு வடிகட்டி எறியலாமா?

ரெண்டு, ஆஸ்பிரின். சாலிசிலிக் அமிலம் 2.0 கிராம், அசிட்டிக் அன்ஹைட்ரைடு 5 மி.லி, அடர் கந்தக அமிலம் 5 சொட்டு. வந்த பொடி 2.9 கிராம். கணக்குப்படி 2.61தான் வரணும். உருகுநிலை 122-இல் ஆரம்பிச்சு 129 வரைக்கும் இழுக்குது. ஃபெரிக் குளோரைடு விட்டா ஊதா நிறம்.

மூணு, தியரி. அறுபது வினைக்கு மேல பட்டியல் போட்டு மனப்பாடம் செஞ்சாச்சு. ஆனா கேள்வியில் கரைப்பானை மட்டும் மாத்திட்டா எஸ்என்1-ஆ (பழைய தொகுதி விலகின அப்புறம் புதுசு சேரறது), எஸ்என்2-ஆ (ரெண்டும் ஒரே படியில் நடக்கறது)ன்னு குழப்பம்.

#2 குடுவைக்காரர்

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த எண்ணெயை எறிந்துவிடாதீர்கள். அது உங்கள் அசிட்டனிலைடுதான்.

தூய அசிட்டனிலைடு 114 டிகிரியில் உருகும். தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும், பிறகு எப்படி உருகும் என்று தோன்றும். தண்ணீர் கலந்த அசிட்டனிலைடின் உருகுநிலை இறங்கிவிடுகிறது. கரைசலில் அது ஏறக்குறைய 5.2 சதவீதத்தைத் தாண்டினால், 83 டிகிரிக்கு மேல் எண்ணெய்ப் படலமாகத் தனியே பிரியும். உங்கள் 2 கிராமுக்கு 30 மி.லி என்பது 6 சதவீதத்துக்கும் மேல். எண்ணெய் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

செய்ய வேண்டியது இதுதான். கொதிக்கும் தண்ணீரை வேறொரு பீக்கரில் தயாராக வைத்துக்கொண்டு, 2 மி.லி, 2 மி.லியாகச் சேர்த்துக் கலக்குங்கள். 40 மி.லி பக்கம் வரும்போது எண்ணெய் மறைந்துவிடும். ஒவ்வொரு முறை ஊற்றிய பிறகும் துளி சிறுக்கிறதா என்று பாருங்கள். சிறுத்துக்கொண்டே வந்தால் அது பொருள். எவ்வளவு ஊற்றியும் அளவு மாறாமல் தூசியாகவோ தாள்நாராகவோ நின்றால் அதுதான் மாசு. அதற்காகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகக் கூடாது. 20 டிகிரியில் 100 மி.லி தண்ணீர் அரை கிராம் அளவுக்கு அசிட்டனிலைடைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். 40 மி.லியோடு நிறுத்தினால் இழப்பு 0.2 கிராம். 100 மி.லி ஊற்றினால் உங்கள் 2 கிராமில் கால்பங்கு சிங்க்கில் போகிறது.

எண்ணெயோடு அப்படியே ஆறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்த்துளி மாசுகளுக்கு நல்ல கரைப்பான். எல்லா மாசையும் இழுத்துக்கொண்டு கட்டியாக உறையும். மறுபடிகமாக்கல் செய்தும் உருகுநிலை ஏறவே இல்லை என்று வருகிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

நிறம் இருந்தால் கரி போடலாம். எடையில் 1 முதல் 2 சதவீதம் போதும். அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகுதான் போட வேண்டும். கொதித்துக்கொண்டிருக்கும் கரைசலில் கரி விழுந்தால் மொத்தமும் நுரைத்துப் பொங்கி வெளியே வந்துவிடும். கொதிகற்களுக்கும் இதே விதிதான்.

சூட்டோடு வடிகட்டும்போது குட்டைத்தண்டுப் புனல் அல்லது தண்டில்லாப் புனல், மடிப்பு வைத்த வடிதாள். புனலை நீராவியில் சூடாக்கிக்கொள்ளுங்கள். வடிகட்டுவதற்கு முன்பு 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகச் சூடுநீர் சேர்த்துவிட்டு, வடிநீரைக் கொதிக்கவைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதைத் தவிர்த்தால் படிகம் வடிதாளிலேயே பூத்துவிடும்.

ஆறவிடும்போது அவசரம் கூடாது. அறை வெப்பநிலைக்குத் தானாக வரட்டும், அதற்குப் பிறகு 10 நிமிடம் பனிக்கட்டித் தொட்டி. படிகம் மெதுவாக வளர்ந்தால் ஒத்த மூலக்கூறுகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும். சட்டென்று குளிரவைத்தால் கிடைத்ததை எல்லாம் உள்ளே பூட்டிக்கொள்ளும்.

#3 கருக்கவரி

ஆஸ்பிரினுக்கு நான் வருகிறேன்.

2.0 கிராம் சாலிசிலிக் அமிலம் 14.5 மில்லிமோல். 5 மி.லி அன்ஹைட்ரைடு சுமார் 5.4 கிராம், அதாவது 53 மில்லிமோல். குறைவாக உள்ளது சாலிசிலிக் அமிலம், ஆகவே உச்ச அளவு 14.5 மில்லிமோல் ஆஸ்பிரின், 2.61 கிராம். நீங்கள் கணக்கிட்டது சரி. 2.9 கிராம் என்றால் 111 சதவீதம். நூற்றைத் தாண்டினால் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான். மறுநாள் நிறுங்கள், பிறகு இன்னொரு முறை நிறுங்கள். இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதாதீர்கள்.

ஆனால் ஊதா நிறத்துக்கு ஈரம் காரணமில்லை. ஃபெரிக் அயனி ஃபீனால் தொகுதியோடு சேர்ந்துதான் அந்த நிறம் தரும். ஆஸ்பிரினில் அந்த ஆக்சிஜனில் அசிட்டைல் உட்கார்ந்துவிட்டது. எனவே ஊதா வந்தால் சாலிசிலிக் அமிலம் மிச்சம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? இரண்டே வழி: மாறாமல் நின்றது, அல்லது மாறிவிட்டுத் திரும்பி வந்தது.

மாறாமல் நிற்பதற்குக் குடுவை ஈரமாக இருந்ததைக் காரணம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 0.05 மி.லி, 2.8 மில்லிமோல். அன்ஹைட்ரைடு தேவைக்கு மேல் 38 மில்லிமோல் இருக்கிறது. இரண்டு மூன்று சொட்டு ஈரம் இந்தச் சோதனையைக் கெடுக்காது. பெரும்பாலும் நடப்பது வேறு: சாலிசிலிக் அமிலப் பொடி குடுவையின் கழுத்தில் ஒட்டிக்கொண்டு கரைசலையே தொடுவதில்லை. அன்ஹைட்ரைடை ஊற்றும்போதே சுவரைச் சுற்றி வழியவிட்டுப் பொடியைக் கழுவி இறக்குங்கள். நீர்த்தொட்டி 70 முதல் 80 டிகிரி, 15 நிமிடம், இடையிடையே சுழற்ற வேண்டும். தெளிந்த கரைசல் ஆகாமல் நேரத்தை எண்ண ஆரம்பிக்கக் கூடாது.

திரும்பி வருவது நீராற்பகுப்பால். ஆஸ்பிரின் ஒரு எஸ்டர். கொதிநீரில் அதை மறுபடிகமாக்கினால் நீங்களே அதைச் சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமுமாக உடைக்கிறீர்கள். அசிட்டனிலைடுக்குச் சொன்ன கொதிநீர் முறையை இங்கே கொண்டுவரக் கூடாது என்பது அதனால்தான். அமைடு கொதிநீரைத் தாங்கும், இந்த எஸ்டர் தாங்காது. சூடான எத்தனாலில் கிராமுக்கு 3 மி.லி அளவில் கரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் கலங்கல் தட்டும்வரை சேர்த்து, உடனே ஆறவிடுங்கள்.

வினை முடிந்த பிறகு மிச்ச அன்ஹைட்ரைடை அழிப்பதும் ஒரு படி. சூடு இருக்கும்போதே 2 மி.லி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெப்பம் கிளம்பும், அசிட்டிக் அமில ஆவி மூக்கைத் துளைக்கும், ஆகவே புகைபோக்கிக்குள் செய்யுங்கள். அது அடங்கியபின் 40 மி.லி குளிர்நீர், பனித்தொட்டி. எண்ணெயாக நின்றால் கண்ணாடிக் கம்பியால் குடுவையின் உட்சுவரைக் கீறுங்கள். படிகம் தொடங்க அந்தக் கீறல் போதும்.

பிசுபிசுப்பு இருந்தால் அது பல்லுறுப்பு. சாலிசிலிக் அமிலத்தில் அமிலத் தொகுதியும் ஹைட்ராக்சில் தொகுதியும் ஒரே மூலக்கூறில் இருப்பதால் ஒன்றோடொன்று கைகோத்து நீள்கிறது. நிறைவுற்ற சோடியம் பைகார்பனேட் 25 மி.லியில் பொருளைப் போட்டுக் கலக்கினால் ஆஸ்பிரின் உப்பாகிக் கரையும், பல்லுறுப்பு கரையாது. வடிகட்டி, வடிநீரைக் குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மெதுவாக ஊற்றினால் ஆஸ்பிரின் திரும்ப விழும். இதில் சாலிசிலிக் அமிலம் பிரியாது. அதுவும் அமிலம்தானே, கூடவே கரைந்து கூடவே விழும். அதற்கு எத்தனால் மறுபடிகமாக்கல்தான்.

#4 வடிதாள்

ஆஸ்பிரின் உருகுநிலை பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது சூட்டில் சிதையும் பொருள். அறை வெப்பநிலையிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் தூய மாதிரிகூடக் கீழே உருகும். கருவியை முதலில் 120 டிகிரிக்குக் கொண்டுவந்து, பிறகு நுண்குழாயை உள்ளே வைத்து நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றுங்கள். 135 பக்கம் வரும். மற்ற பொருள்களுக்குக் கடைசி 10 டிகிரியில் நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரி. குழாயில் மாதிரி 2 முதல் 3 மி.மீ உயரம் போதும். அதிகமாக அடைத்தால் வெப்பம் உள்ளே போகும் நேரத்துக்குள் வெப்பமானி முன்னே ஓடிவிடும், உருகு எல்லை பொய்யாக விரியும்.

இன்னொன்று. உருகுநிலை பொருந்திவிட்டது என்பதால் மட்டும் பொருளை அடையாளம் கண்டுவிட்டதாக எழுதக் கூடாது. பென்சாயிக் அமிலமும் 2-நாப்தாலும் 122 டிகிரியை ஒட்டியே உருகுகின்றன. யூரியாவும் சின்னமிக் அமிலமும் 133-ஐ ஒட்டி. சந்தேகப்படும் தூய பொருளோடு சரிபாதி கலந்து மறுபடி பாருங்கள். ஒரே பொருள் என்றால் உருகுநிலை அசையாது. வேறு என்றால் இருபது முப்பது டிகிரிகூட இறங்கி, எல்லையும் விரியும்.

#5 பென்சீன்வளையம்

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேலே மூவர் எழுதியதைத் திரும்பப் படியுங்கள், தம்பி. ஃபெரிக் குளோரைடு, பைகார்பனேட், கொதிநீர் வேண்டாம் என்ற எச்சரிக்கை, எல்லாமே தியரி வகுப்பில் நடத்திய பாடம். கையேட்டின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு அம்புக்குறியோ (எலக்ட்ரான் நகர்வைக் காட்டுவது) ஒரு பிகேஏ எண்ணோ (அமில வலிமையின் அளவு, எண் குறைந்தால் வலிமை கூடும்) இருக்கிறது. அதைத் தேடி எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பட்டியல் தானாகச் சுருங்கும்.

அறுபது வினைக்குப் பதிலாக இந்தப் பத்துப் பிகேஏ எண்களை மனதில் வையுங்கள்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் மைனஸ் 7, கார்பாக்சிலிக் அமிலம் 4 முதல் 5, கார்பானிக் அமிலம் 6.4, அம்மோனியம் 9.2, ஃபீனால் 10, நீர் 15.7, ஆல்கஹால் 16 முதல் 18, கீட்டோனுக்கு அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன் 19 முதல் 20, முனை ஆல்கைன் 25, அம்மோனியா 38. எந்தக் காரம் எந்த ஹைட்ரஜனைப் பறிக்கும், எந்தத் தொகுதி எளிதாக விலகும் என்ற கேள்விகளில் பெரும்பகுதிக்கு இது விடை சொல்லிவிடும்.

அம்புக்குறிக்கு மூன்று கட்டுப்பாடு. அம்பு எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் தொடங்க வேண்டும், தனி இரட்டையிலோ பிணைப்பிலோ. ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பு கிளம்பினால் அந்த விடை தவறு, அதனிடம் கொடுக்க எலக்ட்ரானே இல்லை. இரண்டாவது, ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்க மொத்த மின்சுமை சமமாக இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: அமில ஊடகத்தில் எழுதும் வழிமுறையில் ஹைட்ராக்சைடோ ஆல்காக்சைடோ தலைகாட்டக் கூடாது, கார ஊடகத்தில் ஹைட்ரோனியம் வரக் கூடாது. ஃபிஷர் எஸ்டராக்கலில் (அமில ஊக்கியில் கார்பாக்சிலிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டராவது) மெத்தாக்சைடை எழுதியவருக்கு அங்கேயே மதிப்பெண் போய்விடும்.

கரைப்பான் குழப்பத்துக்குச் சோதனைக்குழாயே ஆசிரியர். 15 சதவீத சோடியம் அயோடைடு அசிட்டோன் கரைசல் 2 மி.லி, அதில் ஆல்கைல் ஹேலைடு 2 சொட்டு. அயோடைடு வலிமையான கருக்கவர் பொருள் (எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்துத் தாக்குவது), அசிட்டோன் கார்போகேட்டயானை (நேர்மின் கார்பன் அயனி) தாங்காது, ஆகவே எஸ்என்2. சோடியம் புரோமைடும் சோடியம் குளோரைடும் அசிட்டோனில் கரையாததால் வெண்மையாக விழும். 1-புரோமோபியூட்டேன் அறை வெப்பநிலையில் 3 நிமிடத்துக்குள் வீழ்படிவு தரும். 1-குளோரோபியூட்டேனுக்கு 50 டிகிரி நீர்த்தொட்டி வேண்டும்.

அடுத்த வரிசைக் குழாய்களில் 2 சதவீத சில்வர் நைட்ரேட் எத்தனால் கரைசல். நைட்ரேட் பலவீனமான கருக்கவர் பொருள், எத்தனால் அயனிகளைத் தாங்கும், வெள்ளி அயனி ஹேலைடைப் பிடுங்குகிறது. இது எஸ்என்1. மூவிணைய பியூட்டைல் குளோரைடு விட்டவுடன் வெண்மை. முதல்நிலை குளோரைடு சூடாக்காமல் அசையாது. குளோரோபென்சீன் இரண்டு வரிசையிலும் அசையாது. பென்சைல் குளோரைடு இரண்டிலும் வேகமாக விழும். அது ஏன் என்று உடனிசைவு வடிவங்களை வரைந்து விளக்க முடிந்தால் இந்த அத்தியாயம் உங்கள் கையில்.

#6 இரண்டாமாண்டு

எல்லாருக்கும் நன்றி. எண்ணெய் விஷயம் தெளிவாயிடுச்சு. சோடியம் அயோடைடு சோதனை போன வாரம் அட்டவணையில் இருந்தது. 1-புரோமோபியூட்டேனில் லேசா கலங்கி அப்புறம் தெளிஞ்சிடுச்சு. எதிர்மறைன்னு எழுதலாமா?

அடுத்த வாரம் மூவிணைய பியூட்டைல் குளோரைடு தயாரிப்பு. அதில் பைகார்பனேட்டால் கழுவச் சொல்லியிருக்கு.

#7 மூன்றாமாண்டு

கலங்கித் தெளிந்தது என்றால் குழாய் ஈரம். சோடியம் புரோமைடு தண்ணீரில் நன்றாகக் கரையும், அசிட்டோனோடு ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் வீழ்படிவு கண்ணுக்குத் தெரியாது. குழாயை அசிட்டோனால் அலசி உலர்த்தி மறுபடி செய்யுங்கள். எதிர்மறை என்று எழுதாதீர்கள்.

குளோரைடு தயாரிப்பில் பைகார்பனேட்டுக்குப் பதில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு போட்டால் அமிலம் சீக்கிரம் போகும், வாயுவும் கிளம்பாது.

#8 குடுவைக்காரர்

அந்தக் கடைசி வரியை யாரும் பின்பற்ற வேண்டாம். மூன்றாமாண்டு நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இந்தப் பொருளுக்கு அது பொருந்தாது. மூவிணைய ஹேலைடும் வலிமையான காரமும் சந்தித்தால் நடப்பது நீக்க வினை. 2-மெத்தில்புரோப்பீன் வரும், அதன் கொதிநிலை மைனஸ் 7 டிகிரி, வாயுவாகப் பறந்துவிடும். பைகார்பனேட் அமிலத்தை மட்டும் தின்னும், ஹேலைடைத் தொடும் அளவுக்கு வலிமை இல்லை. அதிலும் நீண்ட நேரம் போட்டுக் குலுக்கக் கூடாது. தண்ணீரே மெதுவாக நீராற்பகுப்பு செய்யும்.

முழு அளவையும் தருகிறேன். மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் 25 டிகிரியை ஒட்டி உறையும், புட்டியில் கட்டியாக இருந்தால் வெந்நீரில் வைத்து இளக்குங்கள். 10 மி.லி எடுத்தால் 7.8 கிராம், 105 மில்லிமோல். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மி.லி, ஏறக்குறைய 300 மில்லிமோல். பிரிபுனலில் இரண்டையும் ஊற்றி, மூடாமல் ஒரு நிமிடம் மெதுவாகச் சுழற்றுங்கள். பிறகு மூடி, தலைகீழாக்கி, உடனே குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். 10 நிமிடம் விட்டுவிட்டுக் குலுக்கினால் போதும். சூடாக்கவே தேவையில்லை, காரணம் மூவிணைய கார்போகேட்டயான் அவ்வளவு எளிதாக உருவாகிறது. முதல்நிலை ஆல்கஹாலில் இதே வேலைக்குத் துத்தநாகக் குளோரைடும் சூடும் வேண்டியிருக்கும். ஆல்கஹாலின் வகையைக் கண்டறியும் லூக்காஸ் சோதனையின் அடிப்படையும் இதுதான்.

குளோரைடின் அடர்த்தி 0.84, மேலே நிற்கும். 10 மி.லி தண்ணீர், 10 மி.லி 5 சதவீத பைகார்பனேட், மறுபடி தண்ணீர். பைகார்பனேட் ஊற்றியதும் மூடாதீர்கள், கார்பன் டைஆக்சைடு சீறி அடங்கட்டும். உலர்த்த நீரற்ற கால்சியம் குளோரைடு. அது மிச்சமிருக்கும் ஆல்கஹாலையும் பிடித்துக்கொள்ளும். வாலைவடித்தலில் 49 முதல் 52 டிகிரி வரை வருவதைச் சேகரியுங்கள், வாங்கும் குடுவை பனிக்குள் இருக்கட்டும். வெப்பமானிக் குமிழின் மேல்விளிம்பு பக்கக்குழாயின் கீழ்விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். உயரமாக வைத்தால் ஆவி குமிழைத் தொடாமலே குளிர்விப்பானுக்குப் போய்விடும், நீங்கள் படிக்கும் எண் உண்மைக்குக் கீழே இருக்கும்.

#9 வடிதாள்

பிரிபுனல் பேச்சு வந்ததால் பிரித்தெடுத்தலையும் சொல்லிவிடலாம். பெரும்பாலான தேர்வுகளில் வருவது மூன்று பொருள் கலவை: பென்சாயிக் அமிலம், 2-நாப்தால், ஒரு நடுநிலைப் பொருள், மூன்றும் ஈதரில்.

முதலில் 10 சதவீத பைகார்பனேட்டால் இரண்டு முறை. பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ 4.2, கார்பானிக் அமிலத்துக்கு 6.4. வித்தியாசம் 2.2, சமநிலை 160 மடங்கு வலப்பக்கம். 2-நாப்தாலின் பிகேஏ 9.5, அதனால் பைகார்பனேட்டுக்கு அசையாது. பிறகு 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டு முறை, நாப்தால் வந்துவிடும். வரிசையை மாற்றி ஹைட்ராக்சைடை முதலில் ஊற்றினால் இரண்டும் ஒன்றாக இறங்கும், பிரிக்கும் வேலை முதலிலிருந்து. பிக்ரிக் அமிலம் ஃபீனால் வகை என்றாலும் மூன்று நைட்ரோ தொகுதிகள் அதன் பிகேஏ-வை 0.4 பக்கம் இறக்கிவிடுகின்றன, அது பைகார்பனேட்டிலேயே கரையும். வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பார்கள்.

கரைப்பானை ஒரே தடவையில் ஊற்றுவதா, பிரித்து ஊற்றுவதா? பங்கீட்டுக் கெழு (ஈதரிலும் நீரிலும் உள்ள செறிவுகளின் விகிதம்) 4 என்று வையுங்கள், நீர் 100 மி.லி, ஈதர் மொத்தம் 100 மி.லி. ஒரே தடவையில் நீரில் தங்குவது 20 சதவீதம். 50 வீதம் இரண்டு தடவை என்றால் 11. 25 வீதம் நான்கு தடவை என்றால் 6.25. அதே ஈதர்தான்.

பால்மம் கட்டிக்கொண்டால் நிறைவுற்ற உப்புநீர் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி, பொறுமையாக நிற்கவிடுங்கள். எந்த அடுக்கு நீர் என்று சந்தேகமா? ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டு அது எங்கே சேர்கிறது என்று பாருங்கள். ஈதர் 0.71, மேலே. டைகுளோரோமீத்தேன் 1.33, கீழே. பொருள் கையில் படிகமாக வரும்வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள், எல்லா பீக்கருக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள்.

#10 மூன்றாமாண்டு

ஹைட்ராக்சைடு விஷயத்தில் நான் எழுதியது தவறு, திருத்தியதற்கு நன்றி. ஆனால் மனப்பாடம் தேவையே இல்லை என்ற தொனியை ஏற்க முடியவில்லை. தேர்வில் மூன்று மணி நேரம்தான். வினைப்பொருள் எது என்ன செய்யும் என்று நுனிநாக்கில் இல்லாவிட்டால் தொகுப்புக் கேள்விக்கு அம்பு வரைந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

#11 பென்சீன்வளையம்

ஒத்துக்கொள்கிறேன். எதை மனப்பாடம் செய்வது என்பதில்தான் வேறுபாடு. வினைப்பொருள்களை மனப்பாடம் செய்யுங்கள், வழிமுறையை வரைந்து பழகுங்கள். பிசிசி (பிரிடினியம் குளோரோகுரோமேட்) முதல்நிலை ஆல்கஹாலை ஆல்டிஹைடோடு நிறுத்தும், நீரில் குரோமிக் அமிலம் கார்பாக்சிலிக் அமிலம் வரை கொண்டுபோகும். சோடியம் போரோஹைட்ரைடு ஆல்டிஹைடையும் கீட்டோனையும் ஒடுக்கும், எஸ்டரைச் சாதாரணமாக விட்டுவிடும். லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு எஸ்டரையும் விடாது. இப்படி அட்டையின் முன்பக்கம் வினைப்பொருள், பின்பக்கம் எதைத் தொடும், எதைத் தொடாது. 'எதைத் தொடாது' என்ற வரிதான் தொகுப்புக் கேள்வியில் சோறு போடும்.

வழிமுறைக்கு வெற்றுத்தாள். புத்தகத்தை மூடிவிட்டு முழுதும் வரையுங்கள். தடுமாறிய படியை மட்டும் திறந்து பார்த்து, மறுநாள் மறுபடி முதலிலிருந்து. விடையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவதில் ஒன்றும் ஏறாது.

ஆய்வக வினைகளையே பயிற்சிக் கணக்காக்கலாம். ஃபிஷர் எஸ்டராக்கலில் சமநிலை மாறிலி சுமார் 4. அமிலமும் ஆல்கஹாலும் ஒன்றுக்கு ஒன்று என்றால் மாற்றம் 67 சதவீதத்தில் நிற்கும். ஒன்றை மூன்று மடங்காக்கினால் 90. கையேட்டில் அசிட்டிக் அமிலத்தை ஏன் அள்ளி ஊற்றச் சொல்கிறார்கள் என்பது இந்த ஒரு வரிக் கணக்கில் வந்துவிடுகிறது.

#12 இரண்டாமாண்டு

டையசோ ஆக்கத்துக்கும் (அனிலினை டையசோனியம் உப்பா மாத்தறது) இதே மாதிரி கணக்கு இருக்கா? ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஏன் இவ்வளவு கூடுதலா எடுக்கறாங்கன்னு புரியலை.

#13 கருக்கவரி

இருக்கிறது. அனிலின் 0.93 கிராம், 10 மில்லிமோல். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2.5 மி.லி, 30 மில்லிமோல். முதல் பத்து அனிலினை உப்பாக்கிக் கரைக்க. இரண்டாவது பத்து சோடியம் நைட்ரைட்டிலிருந்து நைட்ரஸ் அமிலம் உண்டாக்க. மூன்றாவது பத்து ஊடகத்தை அமிலமாக நிறுத்த. அந்த மூன்றாவது பங்கு இல்லாவிட்டால் மாறாத அனிலின் தனித்து நின்று, உருவான டையசோனியத்தையே தாக்கி மஞ்சள் நிற டையசோஅமினோபென்சீனைத் தரும்.

0 முதல் 5 டிகிரிக்குள் வைத்து, 0.7 கிராம் சோடியம் நைட்ரைட்டை 4 மி.லி தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பனி வெளியே மட்டும் இருந்தால் போதாது, சொட்டு விழும் இடத்தில் சூடு ஏறும். உள்ளேயும் சிறு பனித்துண்டு போடலாம். வெப்பநிலை ஏறினால் நைட்ரஜன் குமிழ் கிளம்பி ஃபீனால் உண்டாகும், கரைசல் தார் நிறமாகும். ஸ்டார்ச் அயோடைடு தாள் நீலமாவதைக் கடைசிச் சொட்டுக்கு 3 நிமிடம் கழித்துப் பாருங்கள், உடனே பார்த்தால் ஏமாற்றும். கூடுதல் நைட்ரஸ் அமிலத்தை ஒரு சிட்டிகை யூரியா எடுத்துவிடும்.

அடுத்தது டையசோனியத்தை நாப்தாலோடு சேர்க்கும் இணைப்பு வினை. 2-நாப்தால் 1.44 கிராம், 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 15 மி.லியில் கரைத்துக் குளிரவைத்து, டையசோனியத்தை அதற்குள் ஊற்றுங்கள். நாப்தாலை விட நாப்தாக்சைடு பல மடங்கு எலக்ட்ரான் செறிவுள்ளது, பலவீனமான எலக்ட்ரான் கவர் பொருளான டையசோனியத்துக்கு அதுதான் ஈடுகொடுக்கும். எவ்வளவு காரம் சேர்த்தாலும் நல்லது என்றும் நினைக்கக் கூடாது. மிகுந்தால் டையசோனியமே டையசோட்டேட்டாக மாறி இணைப்பு நின்றுவிடும்.

டையசோனியம் உப்பை வடிகட்டி உலர்த்திப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது. உலர்ந்த நிலையில் அது வெடிக்கும். கரைசலாகவே பயன்படுத்தி முடித்துவிடுங்கள்.

#14 வடிதாள்

எச்சரிக்கை என்றதும் இதையும் எழுதத் தோன்றுகிறது. லாசைன் சோதனையில் (சோடியத்தோடு உருக்கி நைட்ரஜன், கந்தகம், ஹேலஜன் கண்டறிவது) குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு, நைட்ரோ ஆல்கேன் ஆகியவற்றைச் சோடியத்தோடு சூடாக்கக் கூடாது, வெடிக்கும். ஹேலஜன் பார்க்கும் முன் வடிநீரை அடர் நைட்ரிக் அமிலத்தோடு கொதிக்கவைத்துச் சயனைடையும் சல்ஃபைடையும் விரட்ட வேண்டும். இல்லாவிட்டால் சில்வர் சயனைடின் வெண்மையைக் குளோரைடு என்று எழுதிவிடுவீர்கள். விரட்டுவது நச்சு வாயு, புகைபோக்கிக்குள் மட்டும்.

#15 இரண்டாமாண்டு

ஆஸ்பிரினை மறுபடி செஞ்சாச்சு. ரெண்டு நாள் உலர்த்தி 1.95 கிராம், எடை மாறலை. உருகுநிலை 134 முதல் 136. ஃபெரிக் குளோரைடில் மஞ்சள்தான், ஊதா இல்லை. 75 சதவீதம். மிச்சம் எங்கே போச்சு? தாய்க்கரைசலை (படிகத்தை வடிகட்டின பிறகு மிஞ்சின கரைசல்) இன்னும் வச்சிருக்கேன்.

#16 கருக்கவரி

நல்ல விளைச்சல், முதல் விளைச்சலை இனித் தொடாதீர்கள். மிச்சத்தில் பெரும்பகுதி அந்தத் தாய்க்கரைசலில்தான். அதைச் சூடாக்கி வற்றவைக்க வேண்டாம், எஸ்டர் உடையும். பனி உப்புக் கலவையில் அரைமணி நேரம் வையுங்கள். விழும் இரண்டாம் படிகத்தைத் தனியாக வடிகட்டி, தனியாக உருகுநிலையும் ஃபெரிக் குளோரைடும் பார்த்து, தனி வரியாகப் பதிவேட்டில் எழுதுங்கள். ஊதா வந்தால் இரண்டையும் கலக்க வேண்டாம்.

கழுவும் நீரையும் கவனியுங்கள். உறிஞ்சு வடிகட்டலில் வெற்றிடத்தைத் துண்டித்துவிட்டு, பனிக்குளிர்ந்த 2 மி.லி ஊற்றிப் படிகம் முழுதும் நனைந்தபின் மறுபடி உறிஞ்சவிட்டால் போதும், இரண்டு முறை. அறை வெப்பநிலைத் தண்ணீரை 20 மி.லி ஊற்றினால் விளைச்சலில் ஒரு பங்கு அதோடு குடுவைக்குள் இறங்கிவிடும். பம்பை நிறுத்தும் முன் குழாயைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பம்புத் தண்ணீர் வடிநீருக்குள் பின்வாங்கி, வைத்திருக்கும் தாய்க்கரைசலும் போய்விடும்.